பாடினார் பெயர்: கீழ்வேளூர் வட்டாரச் சிறுவர் பாடலை முன்வைத்து ஓர் ஆய்வு

1

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த கீழ்வேளூர், பாடல் பெற்ற பதிகளுள் ஒன்று. ஆங்குக் கேடிலியப்பர் எழுந்தருளியுள்ள பெருந்திருக்கோயிலைத் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடியுள்ளனர். சம்பந்தர் பதிகம் இரண்டாந் திருமுறையில் நட்டராகப் பண்ணின்கீழ் வைக்கப்பெற்றுள்ளது. அப்பர் பாடியது ஆறாந் திருமுறையில் அடங்கிய திருத்தாண்டகம். ஏறத்தாழ 1300 ஆண்டுகட்கு முன்னர் இவ்வூரைக் குறித்து எழுந்த பாட்டு யாது, பாடினார் யாவர், பண் யாது என்னும் மூன்று வினாவிற்கும் ஏடு தெளிவாக விடை கூறுகின்றது.

அக்கோயிலின் மதிலைக் கடந்தால் வயல் தொடங்கிவிடும். காவிரியின் கடைமடையாகிய அவ்வயலின் வரப்பில், மரக்கிளையில் பழம்புடைவையால் தூளி கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டு நாற்று நடச் சென்ற பெண்டிர் பாடிய பாட்டும் இவ்வூரின் பாட்டே. அவர்தம் பிள்ளைகள் திடலிலும் தெருவிலும் ஆடுங்கால் பாடியவையும் இவ்வூரின் பாட்டே. இவற்றைக் குறித்து முன்னைய மூன்று வினாக்களையும் எழுப்பின், முதல் வினாவிற்கு அரைகுறையாக விடை கிடைக்கலாம்; மற்றை இரண்டிற்கும் பெரும்பாலும் விடை இல்லை. பாடினார் பெயரும் போயிற்று; பண்ணும் போயிற்று. எஞ்சி நிற்பது சொல் மட்டுமே.

நாட்டுப்பாடலுக்கு ஆசிரியர் பெயர் இராது என்பதை அதன் இலக்கணமாகவே நூல்கள் கூறிவருகின்றன. மாணாக்கரும் அதனை அவ்வாறே எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். பெயரின்மை பாட்டின் இயல்பா, அன்றிப் பாட்டைக் கேட்டு எழுதியோரின் பழக்கமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

இவ்வினா எமக்கு நூல்வழித் தோன்றியதன்று. எம் பிழைவழித் தோன்றியது. பல ஆண்டுகட்கு முன்னர் கீழ்வேளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சிறுவர் பாடல் கேட்கச் சென்றிருந்தோம். அவ்வூர்ப் பிள்ளைகள் எம்மை நேரே ஒரு மூதாட்டியின் திண்ணைக்கு அழைத்துச் சென்றனர். தெருவிலுள்ள பிள்ளைகள் அனைவரும் அவரை 'அப்பாயி' என்றே அழைத்தனர். தந்தையைப் பெற்ற பாட்டியைக் குறிக்கும் அம்முறைப்பெயர் அத்தெருவில் அவர் ஒருவர்க்கே உரிய பட்டப்பெயர் போல வழங்கிற்று. நடவு இல்லாத நாளில் பொழுது சாயும் வேளையில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொள்வர். அவர் பாடுவார், பிள்ளைகள் வாங்கிப் பாடுவர்.

அவர் பாடிய முறை எம் நினைவில் இன்றும் தெளிவாக உள்ளது. அடியின் முற்பாதியைத் தாம் பாடி நிறுத்துவார். பிற்பாதியைப் பிள்ளைகள் முடிப்பர். சில சுற்று அவ்வாறு சென்றபின், வரவேண்டிய சொல்லை வேண்டுமென்றே மாற்றிவிடுவார். காக்கை நிற்க வேண்டிய இடத்தில் கொக்கு நிற்கும். மாமன் வரவேண்டிய இடத்தில் மாடு வரும். பிள்ளைகள் கைகொட்டி நகைத்து, 'தப்பு, தப்பு' எனக் கூவித் திருத்துவர். திருத்திய பிள்ளையின் பெயரை அடுத்த அடியில் வைத்துப் பாடிவிடுவார். அப்பிள்ளை அன்று தன்னிலும் பெரியார் ஒருவர் இலர் எனும் மிடுக்கோடு வீடு திரும்பும்.

யாம் சொல்லையெல்லாம் எழுதிக்கொண்டோம். குறிப்பேட்டின் தலைப்பில், 'கீழ்வேளூர்ப் பக்கம். முதியவள் ஒருத்தி பாடியது' எனப் பதிந்தோம். சில ஆண்டுகள் கழித்து ஐயம் ஒன்றைத் தெளிந்துகொள்ள மீண்டும் சென்றபோது அவர் இறந்துவிட்டிருந்தார். அவர் பெயரை வினவினோம். பிள்ளைகளாய் இருந்து வளர்ந்துவிட்டவர்கள், 'பாட்டுக்கார அப்பாயி' என்றனர். அதற்கு மேல் அறியார். குறிப்பேட்டில் யாம் எழுதாத ஒன்றை ஊர் எமக்காகக் காத்துவைத்திருக்கவில்லை; காத்துவைத்தல் ஊரின் கடமையும் அன்று. எழுதுகோல் எம் கையில் இருந்தது.

அக்குறிப்பேட்டில் மெட்டும் இல்லை. சொல்லை மாற்றிப் பிள்ளைகளை நகைக்கவைத்த இடமும் இல்லை. ஒருமுறை பாடியதைச் 'சரியான பாடம்' என ஏற்று, மறுமுறை அவர் மாற்றியதைப் 'பிழை' என அடித்திருந்தோம். எந்த இடத்தில் அவர்தம் கலை விளங்கிற்றோ அந்த இடத்தையே எம் கை அடித்தது.

3

சிறுவர் பாடலின் யாப்பையும் இசையையும் சிறிது நோக்குவோம். அவற்றுள் தாயர் பாடுவனவும் பிள்ளைகள் தாமே பாடுவனவும் என இரு பிரிவு உண்டு. தாலாட்டு முன்னதற்குத் தலையாய சான்று. சடுகுடு ஆட்டத்தில் மூச்சடக்கிப் பாடுவன, கண்ணாமூச்சியில் கண் பொத்தியவரை நோக்கி வினவுவன, ஐந்தாங்கல் வீசிப் பிடிக்குங்கால் எண்ணிப் பாடுவன, ஊஞ்சலில் ஆடிப் பாடுவன, கும்மியில் கைகொட்டிப் பாடுவன ஆகியவை பின்னதன்பாற்படும்.

இவற்றுள் ஒவ்வொன்றிலும் பாட்டின் அளவைத் தொழிலே வரையறுக்கின்றது. சடுகுடுப் பாட்டின் நீளம் ஒரு மூச்சின் நீளம். அது நீளின் ஆடுவோன் பிடிபடுவான். ஐந்தாங்கல் பாட்டின் சீர், கல் மேலெழுந்து கைக்குத் திரும்பும் பொழுதுக்கு மிகாது. கும்மி பெரும்பாலும் மும்மை நடையில் அமைவதற்குக் கையும் காலும் மாறி மாறி இயங்குதலே காரணம். தாலாட்டின் இசை தூளியின் ஊசலாட்டத்தோடு ஒத்து, ஒவ்வோர் அடியிறுதியிலும் இறங்கி ஓய்கின்றது. செவ்விசையாளர் தாலாட்டிற்கு நீலாம்பரி முதலிய இராகங்களைத் தேர்வதும் இவ்வோய்வு கருதியே எனலாம். எனவே, மெட்டையும் தொழிலையும் நீக்கிச் சொல்லை மட்டும் அச்சிட்டுவிட்டு, 'இதில் யாப்பமைதி குறைவு' என மதிப்பிடுவது பொருந்தாது. தூளியை அவிழ்த்துவிட்டுப் புடைவையின் மடிப்பு கலைந்ததென்று குறைகூறுவதை அது ஒக்கும்.

இனித் தாலாட்டின் பொருளமைதியை நோக்குவோம். அழும் பிள்ளையை அடித்தார் யார் என வினவுதல், மாமன் அத்தை முதலிய சுற்றத்தாரை ஒருவர்பின் ஒருவராக நிறுத்துதல், அவர் கொணரும் சீர்வரிசையைக் கூறுதல், ஊரின் வளத்தையும் தெய்வத்தையும் சொல்லிப் பிள்ளை பிறந்த அருமையைப் புலப்படுத்தல் என்பன தமிழகம் எங்கும் காணப்படும் பொதுக்கூறுகள். ஆயின் இவை வெற்றுக் கூடுகளே. மாமன் பெயர், ஊர்ப்பெயர், பிள்ளையின் பெயர், அவ்வாண்டு விளைந்தது யாது, தந்தை எங்குச் சென்றுள்ளான் என்பவற்றை அக்கூட்டில் இட்டு நிரப்புபவள் பாடுகின்ற தாய். ஒரு பிள்ளைக்குப் பாடியதை மற்றொரு பிள்ளைக்கு அப்படியே பாடுதல் இயலாது. ஒவ்வொரு முறை பாடும்போதும் அவள் புதிதாக யாக்கின்றாள். கூடு பொதுமையானது; பாட்டு அவளுக்கே உரியது. இது தெளிவாயின், தாலாட்டிற்கு ஆசிரியர் இல்லை என்னும் கூற்று வலுவிழக்கும்.

பிள்ளைகள் பாடுவனவற்றிலும் ஒரு தலைமை உண்டு. நடவு வயலில் ஒருத்தி முன்னெடுக்க ஏனையோர் பின்பாடுவதை இவ்வட்டாரத்தார் நன்கு அறிவர். நடுவோரின் கையும் பாட்டும் ஒன்றாக இயங்கும். குலவை இடையே எழும். அவ்வமைப்பே சிறுவர் ஆட்டத்திலும் காணப்படுகின்றது. முன்னெடுக்கும் சிறுமி, வயலில் தன் தாய் முன்னெடுக்கக் கேட்டவள். ஆதலின் நடவுப்பாட்டையும் சிறுவர் பாட்டையும் வேறுவேறு அதிகாரங்களாகப் பிரித்தல் அச்சுவசதிக்கு உதவுமேயன்றிப் பாட்டின் வரலாற்றை விளக்காது.

4

பாடினார் பெயரைப் போற்றாமை தமிழ் மரபா என இனி வினவுவோம். எம் ஆய்விற்கு எட்டியவரை, தமிழ் மரபு இதற்கு நேர்மாறானது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் ஒவ்வொரு பாட்டிற்கும் பாடியவர் பெயரைக் குறிக்க முயன்றனர். புறநானூற்றில் பாடினோர், பாடப்பட்டோர், திணை, துறை ஆகியவற்றை அடிக்குறிப்புகள் தருகின்றன. பெயர் கிடைக்காத இடத்தில் அவர்கள் செய்தது மிகவும் எண்ணத்தக்கது. குறுந்தொகையில் சிலர்க்கு அவர்தம் பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கினர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார் என்பன அவ்வாறு வந்த பெயர்கள் என்பர். 'பெயர் தெரியவில்லை' என எழுதிவிட்டு அடுத்த பாட்டிற்குச் செல்லுதல் அவர்க்கு எளிது. அவர் அவ்வாறு செய்திலர். பாடியவரை அவர் பாடிய அழகினாலேயே அழைத்தனர். இதனைவிடப் பெருமை தரும் பெயரீட்டு முறை வேறு மொழியில் உண்டாயின், அதனை யாம் அறியோம்.

பரிபாடலில் ஒருபடி மேற்சென்றனர். பாடலைப் பாடியவர் ஒருவர், அதற்கு இசை வகுத்தவர் மற்றொருவர் எனப் பிரித்து இருவர் பெயரையும் தந்து, பண்ணையும் குறித்தனர். நன்னாகனார், பெட்டனாகனார் முதலிய இசைவகுத்தோரை நாம் அறிவது அக்குறிப்புகளால்தான். சொல் வேறு, இசை வேறு. இரண்டிற்கும் உரியார் உளர். இருவரும் நினைக்கத்தக்கவர் என்னும் நுண்ணிய கருத்து அக்காலத்தே நிலவிற்று.

பாமரர் பாட்டு என்பதனால் புறக்கணித்தாரோ எனின், அதுவும் அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தியைத் தனியே எடுத்தோதினார். அதற்கு உரைகண்ட பேராசிரியர், வஞ்சிப்பாட்டு, மோதிரப்பாட்டு எனச் சில பெயர்களைக் காட்டுகின்றார். அப்பாட்டுகள் இன்று கிடைத்தில. ஆயினும் பெயரேனும் நின்றது. இளங்கோவடிகள் நாடுகாண் காதையில் காவிரிக் கரையின் வயல்வழியைக் கூறுமிடத்து, கடைசியர் பாடும் விருந்திற்பாணியையும், உழவர் பாடும் ஏர்மங்கலத்தையும், நெல் அடிப்போர் பாடும் முகவைப்பாட்டையும் தனித்தனியே பெயர் சுட்டி வைத்தார். மணிவாசகர் மகளிர் ஆடல்களின் பாட்டு வடிவங்களாகிய அம்மானை, பொற்சுண்ணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், ஊசல் என்பவற்றையெல்லாம் திருவாசகத்தில் ஏற்றருளினார். பெரியாழ்வாரும் குலசேகராழ்வாரும் தாலாட்டைத் தெய்வத்திற்கு உரியதாக்கினர். இவ்வட்டாரத்தை ஒட்டிய நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரத்தில் சிந்து முதலிய நாட்டு வடிவங்களை இசையரங்கிற்குக் கொணர்ந்தார். கற்றோர் பாட்டு கல்லாதார் பாட்டிடம் பெற்ற கடன் இத்துணைப் பெரிது.

இக்கடனில் ஒரு நெருடல் உண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. வடிவத்தை ஏற்றவர் பெயர் நிலைத்தது. தந்தவர் பெயர் நிலைக்கவில்லை. திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தி இதற்கு நல்ல சான்று. தேவாரத் திருப்பதிகங்களுக்குப் பண் அறிவாரைத் தேடியபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு மாது எருக்கத்தம்புலியூரில் கிடைத்தார் என்றும், அவர்வழியே பண்முறை வகுக்கப்பெற்றது என்றும் அது கூறும். பதிகம் பாடியவரையும், தேடிய மன்னரையும், தொகுத்த நம்பியையும் நாம் பெயர் சொல்லிப் போற்றுகின்றோம். இசையை நெஞ்சில் காத்து வந்து தந்த அம்மாதோ மரபு கொண்டே சுட்டப்பெறுகின்றார். கீழ்வேளூர்ப் பதிகத்தின் பண் இன்று நமக்குத் தெரிகின்றதெனின், அம்மரபுச் செய்தியின்படி, அதற்கும் அவரே காரணர். ஆயினும் அவர் கணவன்வழி முன்னோராகவோ தாய்வழி முன்னோராகவோ கருதத்தக்க யாழ்ப்பாணரின் மனைவியார் மதங்கசூளாமணியார் பெயரைச் சேக்கிழார் மறவாது கூறினார். எனவே மரபிற்குள்ளேயே இரு போக்கும் உள. எதனைப் பின்பற்றுவது என்பதே நம்முன் உள்ள வினா.

5

இந்நோக்கோடு அச்சில் வந்த நாட்டுப்பாடல் தொகுப்புகளை அணுகுவோம். சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்னும் பெயரால் தஞ்சைச் சரசுவதி மகால் 1958இல் வெளியிட்டது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. பெ. தூரனின் 'காற்றில் வந்த கவிதை'யும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. இசைப்பாடல் இயற்றுவோராகவும், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராகவும் விளங்கிய தூரன், நாட்டுப்பாடலிலும் உள்ளம் தோய்ந்தமை தற்செயலன்று. இசை, குழந்தை, நாட்டார் மரபு ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே கூடியிருத்தல் அரிது. இப்பெரியோர் உழைத்திராவிடின் இன்று நாம் விவாதிக்கவும் பாட்டு இராது. குறை கூறுமுன் கைகூப்பல் முறை.

இவற்றுள் வானமாமலையின் தொகுப்பு முறையால் சிறந்தது. பாடல் பலவற்றின் கீழ்ச் சேகரித்தவர் பெயரும், இடமும், வட்டார வழக்கின் பொருளும் தரப்பெற்றுள்ளன. பாட்டைக் கொடுத்தவர் பெயரும் பல இடங்களில் உண்டு. அது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பெயர் எந்தத் தலைப்பின்கீழ் நிற்கின்றது என்பது நோக்கத்தக்கது. 'உதவியவர்' என்பதே அத்தலைப்பு. பாட்டு யாருடையதோ அவர் உதவியவர் ஆகின்றார். எழுதிக்கொண்டவர் சேகரித்தவர் ஆகின்றார். பரிபாடலின் அடிக்குறிப்பில் பாடியவரும் இசைவகுத்தவரும் நிற்க, ஏடெழுதியவர் பெயர் நிற்கவில்லை. நம் காலத் தொகுப்புகளில் இம்முறை தலைகீழாயிற்று. உழைக்கும் மக்களின் குரலைக் கேட்பிக்கவேண்டும் என்னும் உயர்நோக்கம் உடைய ஓர் அறிஞரின் நூலிலேயே இச்சொல் அமைந்ததெனின், அது தனியொருவரின் குறையன்று. துறை முழுவதும் கைக்கொண்ட பழக்கத்தின் வலிமை என்றே கொள்ளல் வேண்டும். எம் குறிப்பேட்டில் அச்சொல்லும் இல்லை என்பதை முன்னரே கூறினோம்.

வானொலியும் திரையும் ஒலிநாடாவும் வந்தபின் நிலை ஓரளவு மாறிற்று. கொல்லங்குடி கருப்பாயி தம் பெயராலும் தம் குரலாலும் நாடறிந்த பாடகர் ஆனார்; 1985இல் வெளிவந்த 'ஆண் பாவம்' திரைப்படத்திலும் நடித்தார்; 2025இல் மறைந்தபோது அவரைப் பெயர் சொல்லி நாடு நினைந்தது. நாட்டுப்பாடகர்க்குப் பெயர் இயல்பாகவே இராது என்னும் கொள்கைக்கு அவர் வாழ்வே மறுப்பாயிற்று. எழுதுகோல் கேளாத பெயரை ஒலிவாங்கி கேட்டது.

6

எம் கருத்திற்கு எழக்கூடிய தடைகள் இரண்டு.

நாட்டுப்பாடல் கூட்டுப்படைப்பு, ஒருவர் பெயரைப் பொறித்தால் ஊருக்குரியதை ஒருவர்க்கு உரியதாக்கிவிடுவோம் என்பது முதல் தடை. இதில் உண்மை உண்டு. ஆயின் பாடியவர் என்பதும் உரிமையாளர் என்பதும் ஒன்றல்ல. ஒரே பொருளைப் புலவர் பலர் பாடினர். பாலையின் வெம்மையும் முல்லையின் மாலையும் எவர்க்கும் தனியுரிமை ஆகவில்லை. எனினும் பெரும்பாலான பாட்டுகளின்கீழ் ஒரு பெயர் நின்றது. பொதுமரபும் தனிப்புலமையும் முரண்பட்டன அல்ல என்பதற்கு அகத்திணை இலக்கியமே சான்று. செய்யுளுக்குப் பொருந்தும் நீதி தாலாட்டிற்குப் பொருந்தாமைக்குக் காரணம் கூறுதல் அரிது.

பாடுவோர் பெயரை வெளியிட விரும்பாதிருக்கலாம். பெயரோடு சாதியும் தெருவும் வெளிப்படும். அதனால் அவர்க்குத் தீங்கு நேரலாம் என்பது இரண்டாம் தடை. இது முன்னையதினும் வலியது. பாடுவோரின் நன்மை கருதி எழுவது. இதற்கு விடை, அவரையே கேட்டல். விரும்புவார் பெயரை எழுதுக. விரும்பாதார்க்குக் குறுந்தொகை நெறி உளது. அவர் பாட்டின் இனிய தொடரால் அவரை அழைக்க. அவ்வாறு அழைக்குங்கால் அவர் மறைந்தும் நிற்பார், அறியப்பட்டும் நிற்பார். கேளாமல் விடுத்தல் காத்தல் ஆகாது.

7

பிறநாட்டு வழக்கொன்றை ஒப்பு நோக்குதல் இவ்விடத்துப் பயன்தரும். அமெரிக்காவில் குழந்தைகட்குரிய நாட்டிசையில் பெரும்புகழ் பெற்ற எல்லா ஜென்கின்ஸ், 1924இல் பிறந்து 2024 நவம்பரில் தம் 100ஆம் வயதில் மறைந்தார். சிகாகோ நகரின் தென்பகுதியில் கறுப்பினத்தார் வாழ்ந்த தெருக்களில் வளர்ந்தவர் அவர். இசைக்கல்லூரியில் பயின்றவர் அல்லர். தெருவின் விளையாட்டுப் பாட்டும், மாமன் ஊதிய வாயிசைக் கருவியுமே அவர்க்கு ஆசிரியர். 1957இல் அவர்தம் முதல் இசைத்தட்டை ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. தலைவர் ஓரடி பாடக் குழுவினர் மறுபடி பாடும் முறையே அத்தட்டின் பெயரும் பொருளும் ஆகும். 1966இல் வந்த மற்றொரு தட்டு, நாட்டின் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளுள் ஒன்றாக 2007இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தாரால் ஏற்கப்பெற்றது. 2004இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருதும் அவர்க்குக் கிடைத்தது.

முன்பாடலும் பின்பாடலுமாக அவர் பிள்ளைகளைப் பாடவைத்த முறைக்கும் எம் அப்பாயி திண்ணையில் கையாண்ட முறைக்கும் அடிப்படையில் வேற்றுமை காணோம். இருவரும் வறியோர் தெருவில் வாழ்மரபைக் கற்றவர். இருவரும் பிள்ளையைக் கேட்போனாக வைக்காது பாடுவோனாக ஆக்கியவர். ஜென்கின்ஸ் தாமே பல பாடல் இயற்றினார், மேடையேறினார், தொலைக்காட்சியில் தோன்றினார் என்பன வேற்றுமைகள், அவற்றை மறுத்தல் ஆகாது. ஆயின் ஒருவர் மறைந்தபோது உலகம் பெயர் சொல்லி வருந்தியதற்கும், மற்றொருவர் மறைந்தபோது தெருப்பிள்ளைகள் மட்டுமே வருந்தியதற்கும் இவ்வேற்றுமைகள் மட்டும் காரணம் அல்ல. ஒருவரிடம் சென்றோர் குரலையும், அதற்கு மறுமொழியாய் எழுந்த பிள்ளைகளின் குரலையும் ஒருங்கே பதிந்து, பெயரையும் எழுதினர். மற்றொருவரிடம் சென்றோர் சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினர். அத்திரும்பினோருள் யாமும் உளோம்.

8

கீழ்வேளூர் வட்டாரத்தில் இவ்வினாவிற்குத் தனியான ஒரு கனம் உண்டு. இவ்வட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கோரிய போராட்டத்தை ஒட்டி, 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் 44 பேர் ஒரு குடிசையில் தீயில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளும். அந்நிகழ்ச்சி 'குருதிப்புனல்' முதலிய படைப்புகட்குப் பொருளாயிற்று. ஆய்வுகள் பல எழுந்தன. அம்மகளிர் நட்டவர், நட்டபோது பாடியவர், தம் பிள்ளைகளைத் தூளியிலிட்டு ஆட்டியவர். அவர் பாடியவை யாவை எனக் கேட்டறிந்து எழுதும் வாய்ப்பு அத்தீயோடு போயிற்று. அவர் பெயரை நாம் அறிவது மரணத்தால். பாட்டால் அறிந்திருக்க வேண்டிய பெயர்களை மரணத்தால் அறிந்துகொள்ளும் நிலை ஒரு துறைக்குப் பெருமை தருவதன்று. பாட்டு எழுதப்பெற்றிருந்தால் தீ தணிந்திருக்கும் என யாம் கூறவில்லை. ஒருவரைப் பெயரற்ற கூட்டமாகக் காணும் கண், ஏட்டிலும் ஒன்றே, வயலிலும் ஒன்றே என்பதை மட்டும் கூறுகின்றோம்.

இன்று காலமும் குறுகி வருகின்றது. கடைமடையில் நேரடி விதைப்பு பரவியுள்ளது. நடவு எந்திரமும் அறுவடை எந்திரமும் வந்துள்ளன. அவற்றால் உடலுழைப்பின் துன்பம் குறைந்தது, அது வரவேற்கத்தக்கதே. ஆயின் ஒருத்தி முன்னெடுக்க இருபதின்மர் பின்பாடும் களம் சுருங்கிற்று. களம் சுருங்கப் பாட்டும், பாட்டோடு அதனைக் கேட்டு வளரும் பிள்ளையும் அருகிவருகின்றன. தெரிந்தவர் பலர் முதியோர்.

ஆதலின் இளைய ஆய்வாளர்க்கு எம் வேண்டுகோள் ஒன்று உண்டு. சிறுவர் பாடல் ஒவ்வொன்றிற்கும் பழைய நெறியில் ஓர் அடிக்குறிப்பு எழுதுக. பாடியவர் பெயர் முதலில் நிற்க. அவர் ஊர், அவர் செய்த தொழில், அவர் யாரிடம் கற்றார், எந்தப் பிள்ளைக்கு எவ்வேளையில் பாடினார் என்பன அடுத்து வருக. மெட்டை ஒலிப்பதிவாகவும், இயலுமாயின் சுரக்குறிப்பாகவும் தருக. ஆட்டத்தை அசைவோடு விளக்குக. பாடும்போது மாற்றியவற்றைப் பிழையென நீக்காது பாடவேறுபாடாகப் போற்றுக. பின்பாடிய பிள்ளைகளையும் மறவற்க, அவர்களும் பாடினோரே. எழுதிக்கொண்டவர் பெயர் இறுதியில் வருக. 'உதவியவர்' என்னும் சொல் அவ்விறுதியிடத்திற்கே பொருந்தும். ஏனெனில் உதவியவர் நாமே.

எம் பழைய குறிப்பேட்டையும் இந்நெறியில் திருத்த முற்பட்டோம். அப்பாயியின் பெயர் இனிக் கிடையாது. குறுந்தொகை தொகுத்தோர் காட்டிய வழியில் அவர்க்கு ஒரு பெயர் இட எண்ணி, அவர் பாடியவற்றைப் பலமுறை படித்தோம். காக்கை நிற்குமிடத்தில் கொக்கை நிறுத்திப் பிள்ளைகளை நகைப்பித்தவர் என்பதே எம் நினைவில் மேலோங்கி நின்றது. யாம் பிழையென அடித்த அக்கோட்டை அழித்தோம். 'முதியவள் ஒருத்தி' என்றிருந்த இடத்தில் 'காக்கையைக் கொக்காக்கினார்' என எழுதி, அதன்கீழ்க் 'கீழ்வேளூர்' எனப் பொறித்தோம். மெட்டு நிற்க வேண்டிய இடம் வெறுமையாகவே உள்ளது. அத்தெருவில் அவரோடு பாடிய பிள்ளைகள் இன்று நடுவயதினர். அவருள் எவரேனும் அதனைப் பாடக்கூடும். அவரைத் தேடிச் செல்லும் மாணாக்கர், பாட்டைக் கேட்குமுன் அவர் பெயரைக் கேட்பாராக.